தண்ணீர் எடை

யாரும் அடித்து என் கணவர் மருத்துவமனைக்குப் போகவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கல்யாண வீட்டிலும் கோயிலிலும், பாசிர் கூடாங்கில் நான் வேலை செய்யும் அலுவலகத்திலும் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. "சண்டையில நல்ல அடி போல" என்று உச்சுக் கொட்டுகிறார்கள். அந்தச் சண்டையில் விக்கி ஜெயித்தார். இரண்டாவது சுற்றிலேயே எதிராளி கழுத்துப் பிடியில் மாட்டி, தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டான். விக்கியின் முகத்தில் ஒரு வீக்கம்கூட இல்லை. அவருடைய சிறுநீரகங்கள் செத்துப் பிழைத்ததற்குக் காரணம் சண்டைக்கு முந்திய நாள் நடந்த கூத்து. அதைத்தான் எழுதப்போகிறேன். மகனையோ தம்பியையோ இந்த விளையாட்டுக்கு அனுப்பியிருக்கும் வீடுகளில் யாராவது படித்தால் போதும்.

என் கணவரின் முழுப்பெயர் விக்னேஸ். பண்டார் தெங்காராவில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவர். பள்ளிக்கூட நாட்களிலேயே தோமோய் பழகினார், உதையும் முழங்கையும் கலந்த குத்துச்சண்டை அது. பிறகு கலப்புத் தற்காப்புக் கலைக்கு வந்தார். குத்து, உதை, மல்யுத்தம், கழுத்தை நெரிப்பது எல்லாம் அதில் உண்டு, கம்பி வலைக் கூண்டுக்குள் நடக்கும். எண்ணெய் ஆலையில் பார்த்த ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக எடுத்துக்கொண்டபோது அவர் வீட்டில் எல்லாரும் எதிர்த்தார்கள். நான் எதிர்க்கவில்லை. அவர் கூண்டுக்குள் நடந்து போகும்போது எனக்குப் பயமாக இருக்கும், கூடவே பெருமையாகவும் இருக்கும். இப்போது கோபத்தில் எழுதுகிறேன் என்பதற்காக அதை மறைக்கப்போவதில்லை.

இந்த விளையாட்டில் எடைப் பிரிவுகள் உண்டு. விக்கி அறுபத்தொரு கிலோ பிரிவில் சண்டை போடுகிறவர். ஆனால் வீட்டில் சோறு தின்று நடமாடும்போது அவர் எழுபத்து மூன்று கிலோ. ஏன் எழுபத்து மூன்று கிலோக்காரர்களோடு சண்டை போடக் கூடாது என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். எல்லாரும் இறக்கித்தான் வருகிறார்கள், நான் மட்டும் இறக்காமல் போனால் என்னைவிடப் பெரிய உடம்புக்காரனிடம் மாட்டுவேன் என்றார். அதாவது, எல்லாரும் பொய் எடையில் வருவதால் நானும் பொய் எடையில் வருகிறேன். நான் துறைமுகச் சரக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். கண்டெய்னருக்குப் பொய் எடை போட்டால் எங்கள் தொழிலில் லைசென்சைப் பிடுங்கிவிடுவார்கள். இங்கே அதற்குப் பெயர் ஒழுக்கம், கட்டுப்பாடு, தியாகம்.

முதல் சில கிலோவை வயிற்றைக் காயப்போட்டு இறக்குவார்கள். கடைசியில் மிஞ்சுவதைத் தண்ணீராக இறக்குவார்கள். எடை பார்க்கும் நாளுக்கு முந்திய நாளிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது. பிளாஸ்டிக் உடுப்பு மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். சூயிங் கம் மென்று, ஊறும் எச்சிலை எல்லாம் போத்தலில் துப்ப வேண்டும். அப்புறம் வெந்நீரில் உப்பைக் கொட்டி அதில் கழுத்து வரை உட்கார வேண்டும். எங்கள் ஜிம்மில் குளியல் தொட்டி எல்லாம் கிடையாது. நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று இருந்தது. அதில் விக்கியை உட்கார வைத்து, தலையில் துண்டைப் போட்டு மூடி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார் சேகர் மாஸ்டர்.

சேகர் மாஸ்டர் விக்கியின் பயிற்சியாளர். பத்து வயதிலிருந்து விக்கிக்கு அவர்தான் எல்லாம். நான் பயந்துபோய் ஏதாவது கேட்டால், "இது வெறும் தண்ணி வெயிட்மா. போவும், வந்துரும்" என்பார். கிணற்றில் போட்ட வாளியைச் சொல்வதுபோல அவ்வளவு சுலபமாகச் சொல்வார்.

இந்தத் தடவை எடை இறங்கவில்லை. ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் எடை பார்த்தார்கள். விக்கியின் உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது. தராசில் ஏறினார், கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. அப்படி ஆனால் ஒரு வழக்கம் இருக்கிறது. இரண்டு பேர் ஒரு பெரிய துண்டை முன்னால் விரித்துப் பிடித்துக்கொள்வார்கள், வீரர் ஜட்டியையும் கழற்றிவிட்டு அதற்குப் பின்னால் தராசில் ஏறுவார். துணியின் எடையையும் கழிப்பதற்காக என்று பெயர். சேகர் மாஸ்டர் ஒரு முனையை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் ஓரமாக நின்றதால் எனக்குத் தெரிந்தது. விக்கியின் இரண்டு கை விரல்களும் துண்டின் மேல் ஓரத்தில் இருந்தன. சும்மா இல்லை, அழுத்திக்கொண்டிருந்தன. துண்டு அவருடைய எடையில் ஒரு பங்கைத் தாங்கியது. அதிகாரி எண்ணைப் படித்தார், சரியாக இருந்தது, கைதட்டினார்கள். நானும் தட்டினேன். விஷயம் முடிந்ததே, தண்ணீர் குடிக்கலாமே என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

மறுநாள் ஜெயித்தார். அதற்கும் மறுநாள் காலையில் கழிவறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். அவருடைய சிறுநீர் கோப்பி ஓ நிறத்தில் இருந்தது. பால் ஊற்றாத, கட்டியான கோப்பி ஓ. மாஸ்டருக்குப் போன் போட்டோம். இடுப்பில் உதை பட்டிருக்கும், உடம்பு சூடு வேறு, நிறைய இளநீர் குடிக்கச் சொல் என்றார். அவரே ஒரு குலை இளநீர் வாங்கி வந்து வெட்டியும் கொடுத்தார். விக்கி குடித்துக்கொண்டே இருந்தார். குடித்தது எதுவும் வெளியே வரவில்லை. தொடையும் முதுகும் வலிக்கிறது என்று வலி மாத்திரை வேறு போட்டுக்கொண்டார், அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அடுத்த நாள் வாந்தி நிற்காமல் எடுத்தபோது யாரையும் கேட்காமல் காரில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

ஜொகூர் பாருவில் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் முதலில் எங்களை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கட்டுமஸ்தான ஆள், தானாக நடந்து வந்திருக்கிறார், காத்திருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர் விக்கியை அடையாளம் கண்டுபிடித்து செல்பி கேட்டார். வாந்திப் பையை மடியில் வைத்துக்கொண்டே விக்கி சிரித்தார், பாவம். பிறகு ஒரு பையன் வந்து மார்பில் ஒயரை ஒட்டி இதயத் துடிப்பைத் தாளில் எடுத்தான். அந்தத் தாளைப் பார்த்ததும் அவன் நடை மாறியது. சற்று நேரத்தில் நான்கு பேர் வந்து படுக்கையைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ரெட் ஸோன் என்று எழுதிய கதவு என் முகத்துக்கு நேராக மூடியது.

டாக்டர் சல்மா இளம் வயதுப் பெண். மலாயிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி, எனக்குப் புரிகிற வரைக்கும் சொன்னார். உடம்பில் தண்ணீரே இல்லாமல், சூட்டில் வேகவைத்து, அதற்கு மேல் சண்டையும் போட்டதில் விக்கியின் தசைகள் உடைந்து இரத்தத்தில் கரைந்திருக்கின்றன. ராப்டோமயோலைசிஸ் என்று அதற்குப் பெயர். கரைந்த தசையின் கசடு சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களில் போய் அடைத்துக்கொண்டது. சிறுநீர் கறுத்தது அதனால்தான். இப்போது இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிட்டன. இதயத்தைப் பார்த்து எல்லாரும் பயந்தது பொட்டாசியத்தால். அது இரத்தத்தில் இருக்கும் ஓர் உப்பு. நல்ல சிறுநீரகம் தேவைக்கு மேல் உள்ளதை வெளியே தள்ளிவிடும், படுத்துவிட்ட சிறுநீரகம் தள்ளாது. அளவு கூடினால் இதயம் நின்றுவிடும். கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். இளநீர் என்றேன். அவர் ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தார். இளநீர் முழுக்கப் பொட்டாசியமாம்.

கழுத்து நரம்பில் தடித்த குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, கூடுதல் தண்ணீரையும் உறிஞ்சிவிட்டு, திரும்ப உடம்புக்குள் விடுவது. சிறுநீரகம் தானாக விழித்துக்கொள்ளலாம், விழிக்காமலே போகலாம், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். விழிக்காவிட்டால் ஆயுள் முழுக்க இந்த இயந்திரம்தான். விக்கிக்கு அப்போது முப்பது வயது நிறையவில்லை. அன்றைக்கும் முகநூலில் அவருடைய படத்தைப் போட்டு, நம் இனத்தின் சிங்கம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். சிங்கம் டயப்பரில் கிடந்தது. நான் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

போட்டி நடத்தினவர்களிடம் காப்புறுதி பற்றிக் கேட்டேன். கூண்டுக்குள் மணி அடித்ததிலிருந்து மணி அடிக்கும் வரை பட்ட காயத்துக்குத்தான் காப்புறுதியாம். எடை இறக்கியது அவருடைய சொந்த விருப்பமாம். நல்லவேளை, அரசாங்க மருத்துவமனையாக இருந்தது. இல்லாவிட்டால் என் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்ததோடு முடிந்திருக்காது.

சில நாட்களில் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். இனிமேல்தான் நான் சொல்ல வந்த கதையே இருக்கிறது. முதலில் சிறுநீரகத்தைக் கழுவிவிட ஊசி வழியாக ஏற்றிய தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிட்டதால் விக்கி எண்பது கிலோவைத் தொட்டுக்கொண்டிருந்தார். கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணீர்தான் குடிக்கலாம், அதற்கு மேல் கூடாது என்று கட்டளை. தினமும் காலையில் ஒரு தராசைத் தள்ளிக்கொண்டு வந்து எடை பார்ப்பார்கள். எடை ஏறினால் உடம்பில் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம், இறங்கினால் வடிகிறது என்று அர்த்தம். எழுபத்து நாலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் ஒரு தடவை டயாலிசிஸை நிறுத்திப் பார்க்கலாம், அப்படியே வீட்டுக்குப் போவதைப் பற்றியும் யோசிக்கலாம் என்று டாக்டர் சல்மா சொன்னார்.

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. வாழ்க்கை முழுவதும் ஒரு எண்ணைக் குறிவைத்துத் தராசில் ஏறிய மனுசனிடம் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டார்.

பக்கத்துப் படுக்கையில் ஹமீது பாய் இருந்தார். மெர்சிங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், பல வருஷமாக டயாலிசிஸில் ஓடுகிறவர். தாகத்துக்கு ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொள்ளும் வித்தையை விக்கிக்குக் காட்டிக்கொடுத்தது அவர்தான். என் மாமியாரும் பண்டார் தெங்காராவிலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் வீட்டில் தங்கிச் சமைத்தார். காய்கறியை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைக்க வேண்டும், அப்போதுதான் பொட்டாசியம் குறையும். சத்தெல்லாம் போகிறதே என்று ஒவ்வொரு தடவையும் புலம்பிக்கொண்டே கொட்டினார். உப்பில்லாத, புளியில்லாத அந்தச் சாப்பாட்டை ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காமல் மகன் தின்றதைப் பார்த்து, வெளியே போய் அழுதுவிட்டு வந்தார்.

மாஸ்டரும் தவறாமல் வந்தார். இளநீரைப் பற்றி டாக்டர் சொன்னதை முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். வரும்போதெல்லாம் ஒரு பெரிய பிளாஸ்க் கொண்டுவருவார். நான் கண்டுகொள்ளவில்லை, மனுசன் கோப்பி குடிக்கிறார் என்று நினைத்தேன். பேங்காக்கில் ஒரு சாம்பியன் பட்டச் சண்டைக்கு ஆள் தேடுகிறார்கள், அறுபத்தொரு கிலோ, விக்கி ஜெயித்ததைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள் என்று என் காதுபடவே சொன்னார். சீக்கிரம் எழுந்து வா என்று விக்கியின் தோளைத் தட்டினார். எனக்குச் சுருக்கென்றது. நோயாளியைப் பார்க்க வந்தவரிடம் சண்டை எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எடை இறங்கியது. தினமும் கொஞ்சம் இறங்கியது. மிஸ்ஸி புவனா, அந்த வார்டின் நர்ஸ், பேப்பரில் எழுதிவிட்டுக் கட்டைவிரலைக் காட்டுவார். எழுபத்து நாலரை வந்த அன்று டயாலிசிஸ் வேண்டாம், ஒரு நாள் விட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். மாமியார் அன்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்.

அடுத்த நாள் மதியம் பார்வையாளர் நேரத்துக்கு நான் போனபோது விக்கி படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். பேச வரவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. இருமினால் நுரை வந்தது. தண்ணீருக்குள் மூழ்குகிற ஆளின் சத்தம் அது. நான் மிஸ்ஸியைக் கத்திக் கூப்பிட்டேன். திரையை இழுத்து மூடினார்கள். ஹமீது பாய் என்னைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வாய்க்குள் ஓதிக்கொண்டே நின்றார்.

உயிரைப் பிடித்து நிறுத்தி, மறுபடி தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய், அவசரமாக டயாலிசிஸ் போட்டார்கள். டாக்டர் சல்மா எக்ஸ்ரே படத்தை என்னிடம் காட்டினார். நுரையீரல் கறுப்பாக இருக்க வேண்டும், அங்கே காற்று இருக்கிறது என்று அர்த்தம். விக்கியின் படத்தில் பாதிக்கு மேல் வெள்ளை. எல்லாம் தண்ணீர். எடை இறங்கியிருக்கிறது, தண்ணீரோ ஏறியிருக்கிறது, எப்படி என்று எனக்கு விளங்கவில்லை என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

எனக்கு விளங்கியது. அந்த ஹோட்டல் மண்டபமும் துண்டும் அதன் ஓரத்தில் அழுத்திய விரல்களும் கண் முன்னால் வந்தன. வார்டுக்குத் திரும்பிப்போய் மிஸ்ஸி புவனாவிடம், தினமும் எடை பார்க்கும்போது தராசை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். படுக்கைக்குப் பக்கத்தில்தான் என்றார். அண்ணன் தலை சுற்றுகிறது என்று படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான் என்றார். சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் வெளுத்துவிட்டது. கம்பியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் தராசு சில கிலோவை விழுங்கிவிடும்.

ஹமீது பாய் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப அந்த பிளாஸ்க்கு?" என்றார். "கோச்சு ஊத்திக் கொடுப்பாரும்மா. டாக்டர் சொன்ன கணக்குத் தண்ணியத்தான் சுட வச்சுக் கொண்டாராருன்னு நெனச்சேன்."

அதுவும் விளங்கியது. நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீரகத்தைக் கழுவிவிட்டால் ஓடிவிடும், இந்த டாக்டர்களுக்கு விளையாட்டுக்காரன் உடம்பு தெரியாது என்று மாஸ்டர் முடிவு செய்திருக்கிறார். அவர் ஊற்றி ஊற்றிக் கொடுத்திருக்கிறார், இவர் வாங்கி வாங்கிக் குடித்துவிட்டுக் காலையில் கம்பியை அழுத்தியிருக்கிறார். டாக்டரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. இதற்கு மேல் இவருக்குக் கையைத் தூக்கிக்கொண்டுதான் எடை பார்க்க வேண்டும் என்று குறிப்பில் எழுதச் சொன்னார்.

மறுநாள் விக்கி ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிப் பேசுகிற நிலைக்கு வந்தார். சாதாரணமாக நான் அவரை 'நீங்க' என்றுதான் பேசுவேன். கோபம் தலைக்கு ஏறினால் 'நீ' வந்துவிடும்.

"ஏன் செஞ்ச?" என்றேன்.

"டாக்டர் நம்பர் சொன்னாங்க" என்றார். "நம்பர் சொன்னா அதுக்கு இறங்கணும். வேற ஒண்ணும் எனக்குத் தோணல. தராசுல ஏறினேன், கை தானா கம்பிக்குப் போச்சு."

"அது டாக்டரை ஏமாத்துறதுன்னு தெரியலையா?"

"ஏமாத்துற மாதிரியே இல்ல. ஜெயிக்கிற மாதிரி இருந்துச்சு."

அதைக் கேட்ட பிறகு அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அந்தக் கையின் மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆனால் மாஸ்டரை விடவில்லை. கீழே கேண்டீனில் அவருடைய பிளாஸ்க்கை மேசையில் வைத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் நிஜமாகவே ஆடிப்போய்விட்டார், அதையும் சொல்ல வேண்டும். கண் கலங்கியது.

"நான் அவனுக்குக் கெட்டது நெனப்பேனாமா? எனக்கு அவன் புள்ள மாதிரி" என்றார்.

அவருக்குச் சொந்தப் பிள்ளை ஒருவன் இருக்கிறான். கோலாலம்பூரில் கணக்கியல் படிக்கிறான். அவனை ஜிம் பக்கமே அவர் விட்டதில்லை.

"உங்க புள்ளைய அந்த டிரம்ல உக்கார வச்சிருக்கீங்களா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

அவர் பிளாஸ்க்கைத் தன் பக்கம் இழுத்தார், நான் விடவில்லை. இனிமேல் இந்த மருத்துவமனை வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பிளாஸ்க்கில் இருந்ததை அவர் கண் முன்னாலேயே கை கழுவும் தொட்டியில் ஊற்றினேன். இளநீர். அவ்வளவு சொல்லியும் இளநீர்.

வார்டுக்குத் திரும்பி வந்த பிறகு காலைதோறும் விக்கி கைதியைப்போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினார். "இன்னும் மேல தூக்குங்கண்ணே" என்பார் மிஸ்ஸி புவனா. உண்மை எடை பயங்கரமாக இருந்தது. இயந்திரம் கொஞ்சம் கொஞ்சமாக அதை உறிஞ்சியது. ஒரு நாள் சிறுநீர்ப் போத்தலின் அடியில் கொஞ்சம் வந்து நின்றது. கோப்பி ஓ நிறம்தான். ஆனால் வந்துவிட்டது. மாமியார் அந்தப் போத்தலைத் தங்கக் குடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அது பால் ஊற்றாத தேநீரான தே ஓ நிறத்துக்கு வந்தது, பிறகு பார்லித் தண்ணீர்போல வெளுத்தது, போத்தல் போதாமல் வழிந்தது. சிறுநீரகம் விழித்துக்கொள்ளும்போது அப்படித்தான் கொட்டுமாம். பார்வையாளர் நேரத்தில் மூன்று பேரும் ஒரு மனுசனின் மூத்திரத்தைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். ஹமீது பாய்க்கு அது என்றைக்கும் வரப்போவதில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சல்மா தெளிவாகச் சொன்னார். சிறுநீரகம் முழுதாகத் திரும்பவில்லை, இனியும் திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டால் இயந்திரம் இல்லாமல் வாழலாம். இன்னொரு தடவை தண்ணீரை இறக்கினால் இதுவும் போய்விடும். விக்கி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. எடை பார்க்கிற மேடையிலும் அவர் இப்படித்தான் தலையாட்டுவார்.

மாதங்கள் கழிந்தன. அவர் நல்ல சாப்பாடு சாப்பிட்டார், எழுபத்து மூன்றில் நின்றார். ஜிம் பக்கம் போகவில்லை. ஆனால் போனில் சண்டை வீடியோக்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார், நான் வந்தால் திருப்பி வைத்துவிடுவார். வீட்டுக் கழிவறையில் தராசு வாங்கி வைக்கலாமா என்று ஒரு தடவை கேட்டார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

போன மாதம் மருத்துவமனையில் மறுபரிசோதனை. சிறுநீரகக் கிளினிக்கில் எல்லாரும் வரிசையில் உட்கார்ந்திருந்தோம், பெயர் கூப்பிட்டால் தராசில் ஏறி எடை பார்த்துவிட்டு உள்ளே போக வேண்டும். தராசுக்குப் பக்கத்தில் முதியவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருந்தது. விக்கியின் போன் அடித்தது. திரையில் மாஸ்டர் பெயர். என்னைப் பார்த்தார். ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

மாஸ்டர் நலம் விசாரித்தார். அப்புறம், பேங்காக்காரர்கள் மறுபடியும் கேட்கிறார்கள் என்றார். பட்டச் சண்டை. இந்தத் தடவை அவசரப்பட வேண்டாம், டாக்டரை வைத்துக்கொண்டே செய்யலாம்.

"மெதுவா எறக்கலாம்பா. தண்ணி வெயிட்தானே" என்றார்.

பட்டம் என்றால் விக்கிக்கு என்ன என்று எனக்குத் தெரியும். பத்து வயதிலிருந்து அதற்காகத்தான் உதை வாங்கியிருக்கிறார். முடியாது என்ற சொல் எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். இதை நான் சொன்னால் நாளைக்கு என் மேல்தான் பழி, அவர் வாயால் வர வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் கிளினிக் மிஸ்ஸி அவர் பெயரைக் கூப்பிட்டார். விக்கி போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். தராசின் மேல் ஏறினார். கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று மிஸ்ஸி சொன்னார். அவர் பிடிக்கவில்லை. யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். வரிசையில் இருந்த சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெயித்தவன் கையை நடுவர்தான் தூக்கிவிடுவார், இங்கே நடுவர் யாரும் இல்லை.

அப்படியே நின்றுகொண்டு, எண்ணைப் பார்த்து, என் கையில் இருந்த போனுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"எழுபத்தி மூணு புள்ளி ரெண்டு, மாஸ்டர். இதுக்கு ஆள் இருந்தா சொல்லுங்க."

"அந்த வெயிட்ல உன்னை யாருப்பா கேக்குறா?" என்றார் மாஸ்டர்.

"அப்ப யாரும் கேக்கலன்னு வச்சுக்குங்க, மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு விக்கி கையை இறக்கினார்.

மாஸ்டர் போனை வைத்துவிட்டார். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை, அந்த டிரம் இன்னும் ஜிம்மில்தான் இருக்கிறது, அதில் இப்போது வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் என் கணவர் தராசில் ஏறிச் சொன்ன எண்களில் நான் நம்பிய முதல் எண் அதுதான்.